காந்தம் படாத கல்

கையில் காந்தம் இல்லாமல் நான் வெளிக்குப் போனதுகூடக் கிடையாது. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம். அதைக் கைத்தடியின் நுனியில் கம்பி சுற்றிக் கட்டியிருப்பேன். நடக்கும்போது கண்ணில் படுகிற கறுப்புக் கல்லையெல்லாம் குனியாமலே தட்டிப் பார்த்துக்கொண்டு போகலாம். ஒட்டினால் வானத்துக் கல்லாக இருக்கலாம், ஒட்டாவிட்டால் ஊர்க் கல். எங்கள் ஊர் தாவூஸ் பக்கத்துப் பாலைவனக் கல்வெளியில் விண்கல் பொறுக்கிப் பிழைக்கிற எல்லோருக்கும் இதுதான் வழக்கம்.

இந்தப் பிழைப்பில்தான் டாக்டர் ஹனான் வந்து மண்ணைப் போட்டாள். கஸாபிளாங்காவில் கல்லை ஆராய்கிற டாக்டர். வீட்டுக்கு வந்து, நான் சேர்த்து வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இதுல காந்தம் படாதது ஏதாவது இருக்கா அண்ணா?”

“காந்தம் படாம எப்படிக் கண்டுபிடிக்கிறது டாக்டரம்மா? மோந்து பாத்தா?”

அவள் சிரிக்கவில்லை. “அந்தக் கல்லு சூடா இருந்து ஆறும்போது, அது பொறந்த இடத்துல இருந்த காந்த விசையோட திசையை உள்ளே இருக்கிற இரும்புத் துணுக்கெல்லாம் பிடிச்சு வெச்சுக்கும். கோடிக்கணக்கான வருஷம் ஆனாலும் வெச்சிருக்கும். ஆனா ரொம்ப லேசான பதிவு. மணல்ல ஒத்தை ஒட்டகம் நடந்துபோன தடம் மாதிரி. நீங்க காந்தத்தை வெச்சீங்கன்னா, அந்தத் தடத்துமேல ஒரு ஆட்டு மந்தையையே ஓட்டிட்ட கணக்கு.”

“எவ்வளவு நேரம் வெச்சா அப்படி ஆகும்?”

“தொட்டாலே போச்சு.”

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி இஜ்ஜா கையை நிறுத்தினாள். “அப்ப இந்த மனுஷன் இத்தனை வருஷமா தட்டுன கல்லுலல்லாம் என்ன இருந்துச்சு?”

“தெரியாதும்மா. அதான் அழிஞ்சுபோச்சே.”

அந்தப் பதில் இஜ்ஜாவைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பானையில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வானத்துப் பானை என்றால் கேட்க வேண்டுமா? மாவு பிசையும்போது, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, ஒரே கேள்விதான்: “அதுல என்ன இருந்திருக்கும் யிதிர்?” எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. என் காந்தத்தில் ஒட்டிய கற்கள் எந்தெந்த நாட்டிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அத்தனைக்கும் நான்தான் வாயைக் கட்டி அனுப்பினேன் என்றால் யாருக்குப் பொறுக்கும்? ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். போகப் போக எனக்கும் அதே அரிப்பு தொற்றிக்கொண்டது.

போகும்போது டாக்டர் சமையலுக்குப் பயன்படுகிற அலுமினியத் தாள் ஒரு சுருள் கொடுத்திருந்தாள். புதிதாக ஏதாவது விழுந்தால் கண்ணால் மட்டும் தேடுங்கள், ஒரே ஒரு கல் போதும், கை படாமல் இதில் சுற்றி வையுங்கள் என்றாள்.

குளிர்காலத்தில் ஒரு பிற்பகல், ஆட்டுப்பட்டியின் சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வானம் இடித்தது. மேகமே இல்லை. தென்கிழக்கே புகைக்கோடு ஒன்று வளைந்து கிடந்தது. மறுநாள் விடிவதற்குள் மாவட்டத்தில் உள்ள மோட்டார் சைக்கிள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நானும் தடியை எடுத்தேன். இஜ்ஜா அதைப் பிடுங்கி மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

கல்வெளியில் அவளுடைய அண்ணன் பாஸ்ஸூ எதிரே வந்தான். தடியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தான்.

“என்ன மச்சான், வெறுங்கையோட வர்றே? கல்யாண வீட்டுக்கா போறே?”

“உன் தங்கச்சியைக் கேளு.”

“அவளைக் கேக்குற தைரியம் இருந்தா நான் ஏன் அவளை உனக்குக் கட்டிக்கொடுத்தேன்?”

தடிதான் வீட்டில் இருந்தது. என் தலைப்பாகையின் மடிப்புக்குள் சின்னக் காந்தம் ஒன்று இருந்தது. எதற்காக வைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுமே, அப்படித்தான்.

சில நாள் அலைந்தோம். கடைசியில் இஜ்ஜாதான் பார்த்தாள். வெளிறிய களிமண் தரையில், அடிப்பிடித்த ரொட்டியின் தோல் நிறத்தில், முஷ்டி அளவில் ஒரு கல். தாள்சுருள் மேட்டுக்கு அந்தப்பக்கம் நிறுத்திய வண்டியில் இருந்தது.

“நான் போய் எடுத்துட்டு வர்றேன். தொட்டுத் தொலைக்காதே.”

“கண்ணு பட்டா பரவாயில்லையா?”

“உன் கண்ணும் வேண்டாம். அந்தப் பக்கம் பாத்து நில்லு.”

அவள் போனதும் நான் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். எங்கள் ஊர்க் கல்லும் வெயிலில் கிடந்து கிடந்து கறுத்துப்போகும். இது அப்படி ஒன்றாக இருந்துவிட்டால்? அவ்வளவு மரியாதையோடு தாளில் சுற்றி, கஸாபிளாங்காவுக்கு அனுப்பி, அது வெறும் தாவூஸ் கல் என்று திரும்பி வந்தால் பாஸ்ஸூ ஆயுசுக்கும் சிரிப்பான். ஒரே ஒரு தட்டு. ஒட்டுகிறதா இல்லையா? கை தானாகத் தலைக்குப் போனது.

அப்போதுதான் உறைத்தது. காந்தத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே கல்லுக்கு மேலேதான் குனிந்திருக்கிறேன்! இந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று இனி யாருக்குமே தெரியாமல் போகட்டும் என்று என் மண்டையே முடிவுகட்டிவிட்டதா? எழுந்து ஓடினேன். ஓடிக்கொண்டே தலைப்பாகையை அவிழ்த்துக் காந்தத்தை உருவினேன். வீசி எறியக் கையை ஓங்கியபோது, மேட்டின் மேல் இஜ்ஜா நின்றாள்.

“யிதிர். கையில என்ன?”

ஓங்கிய கையைக் கீழே இறக்கினேன்.

“தொட்டியா?”

“தொடலை.”

“பின்ன தலைப்பாகையை அவுத்துப்போட்டு காத்தா வாங்குறே?”

“தூரமா கொண்டுபோய்ப் போடத்தான்டி எடுத்தேன்!”

“போடறதுக்காகவா வீட்லேர்ந்து சுமந்துட்டு வந்தே?”

அவள் கல்லைத் தாளால் அள்ளிச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்லை வாங்கிப்போக டாக்டர் வந்தபோது இஜ்ஜா என் முன்னாலேயே சொன்னாள்: “இந்த மனுஷன் காந்தத்தை வெச்சிருப்பாருன்னு நினைக்கிறேன். தெரிஞ்சுக்கோங்க.”

“வெச்சீங்களா அண்ணா?”

“இல்லை.”

“சரி, விடுங்க. கல்லே சொல்லிடும்.”

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் உதறல். டாக்டர் காரில் ஏறும்போது கிட்டே போய், ஒரு முழத் தூரத்தில் சின்னக் காந்தம் இருந்தால் கெட்டுப்போகுமா என்று மெதுவாகக் கேட்டேன். காந்தத்தைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு வீட்டில் நான் பட்ட பாடு! ரொட்டி வரும், தேநீர் வரும், பேச்சு வராது. கேட்டதற்கு மட்டும் பதில். பாஸ்ஸூ எனக்குக் ‘காந்தத் தலையன்’ என்று பேர் வைத்து ஊர் முழுக்கப் பரப்பினான். அதுகூடப் பெரிதில்லை. நான் பொய்யே சொல்லாதவன் இல்லை. கல் வியாபாரத்தில் அப்படி ஒருத்தன் பிழைக்க முடியாது. ஆனால் இஜ்ஜாவிடம் சொன்னதில்லை. அவளுக்கு அது தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுதான் வலித்தது.

பேரீச்சை பூக்கிற சமயத்தில் டாக்டர் கூப்பிட்டாள். ரிஸ்ஸானிச் சந்தையில் தேநீர்க் கடையில் இருந்தோம், பாஸ்ஸூவும் இருந்தான். இஜ்ஜா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“அம்மா, அது வானத்துக் கல்லுதான். விழும்போது தீயில வெந்தது அந்த மேல்தோல் மட்டும்தான். நகத்தோட பருமன் இருக்கும். அது ஆறும்போது நம்ம பூமியோட திசையைப் பிடிச்சிருக்கு. உள்ளே அந்தச் சூடு போகவே இல்லை. உள்ளே வேற திசை.”

“அப்படின்னா?” என்றாள் இஜ்ஜா.

“காந்தம் கிட்ட வந்திருந்தா தோலு, உள்ளு ரெண்டும் ஒரே திசையில ஓங்கிக் கத்தியிருக்கும். இங்கே ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம, மெதுவா பேசுது. யாரும் தொடலை. இவ்வளவு சுத்தமான கல்லை நான் பாத்ததே இல்லை.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன். பாஸ்ஸூ என் கோப்பையில் தேநீரை ஊற்றினான்.

இஜ்ஜா போனை இன்னும் கிட்டே இழுத்தாள். “உள்ளே என்ன சொல்லுது டாக்டரம்மா?”

“அது ஒரு சின்ன உலகத்தோட துண்டும்மா. நம்ம பூமிக்கு நடுவுல இருக்கிற மாதிரி அதுக்கும் நடுவுல இரும்பு உருகி ஓடிக்கிட்டு இருந்திருக்கணும், கொஞ்ச காலத்துக்கு. அப்புறம் ஆறிப்போச்சு.”

“இப்ப அந்த உலகம் எங்கே?”

“மோதி உடைஞ்சுபோச்சு. அதுல ஒரு துண்டுதான் உங்க மடியில வந்துச்சு.”

இஜ்ஜா தன் மடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து உருகின இரும்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அது என்ன நிறம், எவ்வளவு நாள் ஓடியது, ஆறும்போது சத்தம் வந்திருக்குமா? எனக்கும் கேட்க ஆசைதான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. கள்ளிப்புதர் வளைவில் வண்டியை நிறுத்தினேன்.

“இஜ்ஜா, கல்லு ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா, நான் சொன்னதை நம்பியிருப்பியா?”

நான் திரும்பவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இருவருக்கும் சுலபம்.

“இல்லை,” என்றாள்.

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் இதைப் பொய் இல்லாமல் சொன்னாளே என்று ஆறுதலாகவும் இருந்தது.

அவள் என் தோளில் கையை வைத்தாள். “கோவிச்சுக்கோ. கோவிக்க வேண்டியதுதான். ஆனா இனிமே உன்னைப் பத்தி எந்தக் கல்லையும் கேக்க மாட்டேன்.”

நான் வண்டியைக் கிளப்பினேன். அந்த இரும்பு ஆறும்போது சத்தம் வந்திருக்காது, கேட்கக் காற்று வேண்டுமே என்று சொன்னேன். அதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று அவள் உடனே சண்டைக்கு வந்தாள்.