மண்டோருக்குப் பேச்சுத்துணை

வீரமுத்துவின் நாய்க்கு மண்டோர் என்று பெயர். அவன் வேலை பார்த்தது மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில். அங்கே ஆட்களை வேலை வாங்கும் நிஜ மண்டோர் ஒருவரும் இருந்தார், கணேசமூர்த்தி. விடிவதற்கு முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு அவருக்கும் முன்னால் இந்த நாய் போய் உட்கார்ந்துவிடும். கடைசி ஆள் கலைந்த பிறகுதான் எழுந்து வரும். யாரோ கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கணேசமூர்த்தி முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரே, “சின்ன மண்டோர் வந்தாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

மாதவி அந்த வீட்டுக்கு வாழ வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாரோயில் அண்ணன் குடும்பத்தோடு இருந்துகொண்டு துணிக்கடையில் வேலை பார்த்தவள். நாற்பதைத் தாண்டியதும், இனிமேல் கல்யாணம் எதற்கு என்று இருந்துவிட்டாள். வீரமுத்து மனைவியை இழந்தவன். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினான். சொந்தக்காரர்கள் பேசி முடித்து, கோயிலில் தாலி கட்டி, சாப்பாடு போட்டு எளிமையாக நடந்த கல்யாணம்.

நல்ல மனிதன்தான். குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். ஆனால் பேசவும் மாட்டான். “பசியாறிட்டியா?”, “மழை வரும் போல”, “நாளைக்கு வெள்ளன போகணும்.” ஒரு நாள் பேச்சு இதோடு முடிந்துவிடும். நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு வாயாடிப் பழகிய மாதவிக்கு இந்த அமைதி, காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. நாயும் அவளைச் சட்டை செய்யவில்லை. வைத்த சோற்றைத் தின்றுவிட்டு அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அவளுக்கும் நாயென்றால் சின்ன வயதிலிருந்தே பயம். இருவரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் காலம் போனது.

ஒரு நாள் பக்கத்து லயத்து வரிசைவீட்டு நாய் குறுக்கே ஓடியதில் ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி மோட்டார் சைக்கிளோடு விழுந்து கையை முறித்துக்கொண்டார். மறுவாரமே உத்தரவு வந்தது. கயிறு இல்லாமல் நாய் வெளியே வரக் கூடாது. வந்தால் நாய் பிடிப்பவர்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

வீரமுத்து ரெம்பாவில் சிவப்பு பெல்ட்டும் கயிறும் வாங்கி வந்தான். வேலை முடிந்து வந்த சாயங்காலம் நாயின் கழுத்தில் மாட்டி இழுத்தான். நாய் உட்கார்ந்தது. இன்னும் இழுத்தான். படுத்தது. விடாமல் இழுத்தபோது நான்கு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டது. பெல்ட் காதுவரை ஏறி முகமெல்லாம் சுருங்கிப் போனது. செம்மண் பாதையில் ஏர் உழுத மாதிரி தடம் விழுந்தது. லயத்து வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“மண்டோரை யாருய்யா இழுத்துக்கிட்டுப் போறது? அவரு கார்ல போற ஆளு லா,” என்றார் கணேசமூர்த்தி.

தினமும் இதே கூத்து. அதட்டிப் பார்த்தான், எலும்பைக் காட்டிப் பார்த்தான். நாய் அசையவில்லை. கடைசியில் கொல்லையில் இருந்த ஜாம்பு மரத்தில் கட்டிப்போட்டான். பெரட்டு நேரம் வந்தால் அது மூக்கால் மெல்ல முனகும். சோறு அப்படியே கிடந்து எறும்பு மொய்த்தது.

ஒரு வாரம் போல இதைப் பார்த்துக்கொண்டிருந்த வீரமுத்து, சாப்பிடும்போது சொன்னான். “கோலா கிளாவாங்ல என் தம்பி தேவன்கிட்ட கொடுத்திடலாம்னு இருக்கேன். அங்க காட்டுப் பக்கம். அவுத்து விட்டா யாரும் கேக்க மாட்டாங்க.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. மாதவி அதைக் கவனித்தாள்.

“கொஞ்ச நாளைக்கு என்கிட்ட விட்டுப் பாருங்களேன்,” என்றாள்.

“உனக்குத்தான் நாய்னா பயமாச்சே.”

“பயந்தான். இதுவரைக்கும் அது என்னைக் கடிக்கல, நானும் அதை அடிக்கல. அது போதும் லா.”

காலையில் அவன் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனதும் மாதவி நாயை மரத்திலிருந்து அவிழ்த்தாள். பெல்ட்டை எடுக்கவில்லை. கயிற்றையும் கழற்றாமல் வேலிக்குள்ளே இழுபட்டுக்கொண்டு திரிய விட்டாள். முதலில் நாய் கயிற்றைப் பாம்பு மாதிரி பார்த்தது. கோழிகளோடு திரிந்த சில நாட்களில் அதை மறந்தே போனது. சோறும் தின்ன ஆரம்பித்தது. பிறகு அவள் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அது போகும் பக்கமெல்லாம் போனாள். பொரித்த நெத்திலியைக் கைலி மடியில் வைத்துக்கொண்டு, அது பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒன்று போட்டாள். கொல்லையைச் சுற்றி நாய் நன்றாகவே நடந்தது.

ஆனால் வேலிப் படலைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டது.

அவள் இழுக்கவில்லை. இழுத்து ஆகப்போவதில்லை என்று பார்த்தாயிற்று. கயிற்றைத் தொய்வாக விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். வெயில் ஏறியது. செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் மோட்டாரை மெதுவாக்கினார்கள்.

“என்னக்கா, பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா?”

அந்தப் பாதையில் பஸ்ஸே கிடையாது. “ஆமா, வந்தா சொல்லுங்க,” என்றாள்.

நின்று நின்று அலுத்துப் போய், யாரோடாவது பேசலாம் என்று பார்த்தால் நாயைத் தவிர யாருமில்லை. பாரோய்க் கடைக்கு வந்துபோகும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். “அந்தம்மா வந்தாலே முதலாளிக்கு வயித்தக் கலக்கும், தெரியுமா. அலமாரில உள்ள சேலை பூராவும் பிரிச்சுப் போடணும். பொடவைய தோள்ல வெச்சுப் பாப்பாங்க, கண்ணாடியப் பாப்பாங்க, புருஷனுக்குப் போன் போடுவாங்க. கடைசியில ஒரு கைக்குட்டைய வாங்கிட்டுப் போவாங்க.”

மண்டோரின் ஒரு காது அவள் பக்கம் திரும்பியது. பேசிக்கொண்டே இரண்டடி வைத்தாள். நாய் எழுந்து கூடவே வந்தது. கயிறு தொய்வாகவே இருந்தது. கால்வாய்ப் பாலம் வரை அந்த அம்மாவின் கதை போனது. கதை முடிந்து அவள் வாய் மூடியதும் நாய் உட்கார்ந்துவிட்டது.

மாதவிக்கு நம்ப முடியவில்லை. அண்ணியோடு போட்ட சண்டையைச் சொல்லிப் பார்த்தாள். எழுந்து வந்தது. நிறுத்தினாள். நின்றது.

அன்றிலிருந்து தினமும் பேச்சும் நடையும்தான். நாய் முன்னால் இழுத்தால் மாதவி மரம் மாதிரி நின்றுவிடுவாள். அது திரும்பிப் பார்த்து, கயிற்றைத் தளர்த்திக்கொண்டு வந்தால் கதை தொடரும். ஒரு முறை உடும்பு ஒன்று குறுக்கே ஓட, நாய் ஒரே இழுப்பில் அவளை மண்ணில் தள்ளிவிட்டுச் செம்பனைக்குள் பாய்ந்தது. முழங்காலில் ரத்தம். அவள் எழுந்து நின்று மண்ணைத் தட்டும்போது கணேசமூர்த்தி மோட்டாரில் வந்துகொண்டிருந்தார். அவிழ்ந்த நாயை அவர் பார்த்தால் ஆபிசில் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் நிறுத்தினார். முழங்காலைப் பார்த்தார், செம்பனைக்குள் ஆடிய புதரையும் பார்த்தார். “நான் இந்தப் பக்கம் வரவே இல்ல. மஞ்சள் வெச்சுக் கட்டும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் நாய் சேறு படிந்த கயிற்றை இழுத்துக்கொண்டு தானாகத் திரும்பி வந்தது. அவள் முழங்காலை மோந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தது. மாதவி முதல் முறையாக அதன் தலையில் கை வைத்தாள். நெற்றி எலும்பு அவள் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது.

வீரமுத்துவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் குலை ஏற்றிய டிராக்டரோடு அவன் வந்துகொண்டிருந்தபோது பாதையில் இருவரையும் பார்த்தான். மாதவி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு நடந்தாள். மண்டோர் அவள் காலை ஒட்டி, வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு, அவர்கள் கடந்து போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் குளித்ததும் நேராக வந்து கயிற்றை எடுத்தான். “நான் கூட்டிட்டுப் போறேன்.”

படலைத் தாண்டியதும் நாய் உட்கார்ந்தது. அவன் மாதவியைத் திரும்பிப் பார்த்தான்.

“பேசணும்,” என்றாள்.

“என்ன பேசணும்?”

“என்னமாச்சும். அது பேச்சுக்குத்தான் நடக்கும்.”

அவன் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகி, நாயையே பார்த்தான். பிறகு கயிற்றைப் பிடித்தபடி அதன் பக்கத்தில் குந்தினான். மாதவியும் படலருகே கல்லில் உட்கார்ந்தாள்.

“புனிதா பழக்கினது,” என்றான். புனிதா அவனுடைய முதல் மனைவி. அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து மாதவி கேட்பது இதுதான் முதல் தடவை. “உர ஸ்டோருக்குப் பின்னால குட்டியா கிடந்தத அவதான் தூக்கிட்டு வந்தா. மருந்தடிக்கப் போறப்ப, கடைக்குப் போறப்ப, எங்க போனாலும் அதுகிட்ட பேசிக்கிட்டே போவா. சமையல், சண்டை, யார் வீட்ல என்ன, எல்லாம். உங்கிட்ட பேசி என்ன, பதிலா வரப்போகுதுன்னு என்னையக் கேப்பா.”

“சரியாத்தான் கேட்டிருக்காங்க,” என்றாள் மாதவி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அவ போனதுக்கப்புறம் அதுகிட்ட யாரு பேசினா? நான் சோறு மட்டும் வெச்சேன்.”

இவ்வளவு நீளமாக அவன் பேசி மாதவி கேட்டதில்லை. குறுக்கே பேசினால் நின்றுவிடுமோ என்று இருந்தது. அந்தப் பெயர் தன்னைக் குத்தும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். குத்தவில்லை. அந்தப் பெண்ணோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

“எந்திரிங்க. டிராக்டரப் பத்திச் சொல்லுங்க,” என்றாள்.

வீரமுத்து எழுந்தான். தொண்டையைச் செருமினான். “பின் டயரு தேஞ்சு போச்சு,” என்று நாயிடம் ஆரம்பித்தான். “போர்மென்கிட்ட சொன்னா அடுத்த மாசம்ங்கிறாரு. மழை பேஞ்சா மேட்டுல வழுக்குது.”

மண்டோர் காதைத் திருப்பியது. யோசித்தது. எழுந்தது.

கால்வாய்ப் பாலத்துக்கு வருவதற்குள் அவனிடம் இருந்த பேச்சு தீர்ந்துவிட்டது. நாய் நின்றது. அவன் தவித்துப் போய் மாதவியைப் பார்த்தான். “அப்புறம்?”

“அப்புறம் என்ன, நான் கேக்கிறேன், நீங்க சொல்லுங்க. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? நான் போனதே இல்ல.”

“பழைய ரப்பர் காடு. ஒரு ஓடை இருக்கு. சின்னப் பிள்ளையில நானும் ஆறுமுகம்னு ஒரு கூட்டாளியும் அங்கதான் மீன் பிடிப்போம்.”

“என்ன மீனு?”

அவன் கெளுத்தியில் ஆரம்பித்தான். நாய் நடந்தது. இப்போது சாயங்காலம் ஆனால் மூவரும் கிளம்பிவிடுகிறார்கள். அவன் இன்னமும் நடுநடுவே நிறுத்திவிடுவான். நாய் உட்காரும். அவள் அடுத்த கேள்வியைக் கேட்பாள். சில நாள் பாதி வழியில் இருட்டிக்கொண்டு வரும்.

“திரும்பிடலாமா?” என்று மாதவி கேட்பாள்.

“இரு, அந்த ஆறுமுகம் கதைய முடிச்சிடறேன்,” என்பான் வீரமுத்து.