முட்டுக் கொடுத்த கல்

அண்ணன் சிவனாண்டி காருக்கு அடியில் நசுங்கி இறந்து மூன்று வருஷம் கழித்து, 1974 மார்கழியில், அதே காருக்கு பால்துரை தன் கையாலேயே ஆயில் மாற்ற இறங்கினான். தரையோடு ஒட்டிய கார். ஜாக்கி அடியில் நுழையாது. முன்சக்கரங்களைப் பனம்பலகை மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அப்புறம் ஜாக்கியால் தூக்கி இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் இறக்கினான்.

அண்ணன் இறந்த அன்றைக்கு ஸ்டாண்டு இல்லை. வீடு கட்டி மிஞ்சிய முருகைக்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கடலில் வெட்டியெடுத்த அந்தக் கல் சுவரில் நூறு வருஷம் நிற்கும். காரின் பாரம் ஒரே இடத்தில் இறங்கினால் பொடிந்துவிடும். கல்லை வைத்தது சிவனாண்டியே என்று ஊர் நம்பியது. வைத்தவன் பால்துரை.

காரை உலுக்கினான். அசையவில்லை. ஆனாலும் குனியும்போதெல்லாம் அன்றைய கல் நறநறவென்று நொறுங்கும் சத்தம் காதுக்குள் கேட்டது, நிமிர்ந்தால் நின்றது. மறுபடி உலுக்கினான்.

"எத்தன தடவ உலுக்குவீய? கார் என்ன புளியமரமா?" அண்ணன் மனைவி செல்லத்தாய் வாசலில் நின்றாள்.

"மதினி, அன்னைக்கு அந்தக் கல்ல..."

"நீங்கதான் வச்சீய. 'ஏலே, நல்லா நகட்டி வையி'ன்னு உங்க அண்ணன் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

"ஒரு வார்த்த கேக்கலியே, மதினி."

"நீங்களா சொல்லுவீயன்னு இருந்தேன். போங்க, நான் இங்கனதான் நிக்கேன்."

பால்துரை மல்லாந்து அடியில் நகர்ந்தான். காரின் அடி இரும்பில் அந்தக் கல்லின் வெள்ளைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது. சத்தம் நிற்கவில்லை. பம்பருக்கு அப்பால் செல்லத்தாயின் பாதங்கள் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடியே நட்டைத் திருகினான்.