இளநீர் மாதிரி

சுகன்யாவின் அப்பா சோலைமலை யார் பேச்சையும் சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. முப்பது வருடமாகத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகையும் சம்பங்கியும் கொண்டுபோகிறவர். தராசையே இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். அவர் மறுபேச்சில்லாமல் நம்புவது மகள் சொல்வதை மட்டும்தான். மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் பேசுகிறாள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் காலை பத்து மணிக்கு அவளுடைய ‘பசுமைப் பக்கம்’ வரும். அந்த வாரத்துச் சுற்றுச்சூழல் செய்திகளை வாசிப்பாள். வாசித்து முடித்ததும், “இதுல என் கருத்து என்னன்னா” என்று ஆரம்பிப்பாள். ஜனங்கள் காத்திருந்தது அதற்குத்தான். மக்கும் பை என்று கடையில் விற்றதை வாங்கிக் கொல்லையில் புதைத்து, எட்டு மாதம் கழித்துக் கேமரா முன்னால் தோண்டி எடுத்தாள். பையில் அச்சடித்திருந்த பெயர்கூட அழியவில்லை. லட்சம் கன்று நட்டதாகப் போஸ்டர் ஒட்டியவர்களின் இடத்துக்குச் சித்திரை வெயிலில் போய், உயிரோடு நின்ற கன்றுகளை விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். “எம்மக பச்சைன்னு சொன்னாத்தான்யா அது பச்சை” என்று மார்க்கெட்டில் சோலைமலை பெருமை அடித்துக்கொள்வார்.

அந்த நாக்கு ஒரே ஒரு தடவை புரண்டது, மேட்டுக்களத்தில்.

மேட்டுக்களம் டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊர். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு ஒரு காலத்தில் ஓடைவழியே இறங்கி, கிணற்றுத் தண்ணீரெல்லாம் பழுப்பேறிவிட்டது. குடிக்கவும் சமைக்கவும் வாரம் மூன்று நாள் டேங்கர் லாரி வரும். அந்த ஊருக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்ல வேலையில் இருக்கிற பையன்கள்கூட முப்பத்தைந்து வயதுவரை தனியாகத்தான் திரிந்தார்கள்.

மணிமாறன் அந்த ஊர்க்காரன்; பாலிடெக்னிக் படித்தவன், பம்ப் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேனலுக்குப் போன் போட்டு, “எல்லாத்தையும் நொட்டை சொல்றீங்களே, ஒண்ணையாவது செஞ்சு பாத்துருக்கீங்களா?” என்று சுகன்யாவிடம் சண்டைக்கு வந்தான். சண்டை மூன்று மாதம் நடந்தது. நான்காவது மாதம் இருவருக்குமே சண்டை போட மனசு வரவில்லை.

வீட்டில் சொன்னபோது சோலைமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். “தண்ணி இல்லாத ஊருன்னாலும் குடுத்துருவேன்மா. தண்ணி கெட்ட ஊருக்கு எப்படிக் குடுக்கச் சொல்ற?”

அதற்குப் பதில் சொல்வது போலத்தான் மணிமாறன் அந்தத் தொட்டியைக் கட்டினான். மணல், கூழாங்கல், சிரட்டைக் கரி, மேலே ஒரு சோலார் மோட்டார். வைகாசியில் சுகன்யா கேமராவோடு போனாள். பழுப்பாக உள்ளே போன தண்ணீர் கண்ணாடி மாதிரி வெளியே வந்தது. துளி நாற்றம் இல்லை. ஊர்ப் பெண்கள் சுற்றி நிற்க, மணிமாறன் எவர்சில்வர் டம்ளரை நீட்டினான். அவள் குடித்தாள். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. தொண்டையில் இறங்கும்போது கரித்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“இளநீர் மாதிரி இருக்குங்க!” என்றாள்.

இளநீரிலும் லேசாய் ஓர் உப்பு உண்டுதானே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம், வண்டி டவுனுக்குள் நுழையும் வரைக்கும்தான் தாங்கியது.

“நீ குடிச்சியாம்மா?” என்று அப்பா கேட்டார்.

“குடிச்சேன்ப்பா.”

“அப்பச் சரி.”

ஆவணிக் கடைசியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் பொங்கலென்று மணிமாறனின் அம்மா கருப்பம்மாள் கூப்பிட்டிருந்தாள். சுகன்யா பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கருப்பம்மாள் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக எதிரே வந்தாள். இரண்டு மைல் தள்ளியிருந்த பண்ணை வீட்டுக் குழாயிலிருந்து நடந்து வருகிறாள்.

“டேங்கர் வரலியா அத்தை?”

“அது நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு தாயி. ஒங்க ஊர்லதேன் நல்ல தண்ணி வந்துருச்சே, இனி எதுக்குன்னுட்டாக. ஒன் வீடியோவத்தேன் காட்டுனாக.” கருப்பம்மாள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “வா, செத்த நேரம் உக்காரு. சாமிக்குப் பொங்க வைக்கத்தேன் இந்தத் தண்ணி. குடிக்க நம்ம தொட்டித் தண்ணி இருக்கு.”

வீட்டில் கொடுத்ததை வாங்கிக் குடித்தபோது, வைகாசியில் தொண்டையில் கரித்தது இப்போது நாக்கிலேயே கரித்தது. செம்பின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

மணிமாறன் தொட்டியடியில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“டேங்கர் நின்னது உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தண்ணி உப்புங்கறது?”

“நெறம் போச்சு, நாத்தம் போச்சு. உப்ப எடுக்க வேற மிஷின் வேணும் சுகி. அத ஓட்ட நம்ம சோலாரு பத்தாது.” அவன் நிமிரவில்லை. “நீ குடிச்ச அன்னிக்கே ஒனக்குத் தெரியுமே.”

“எனக்குத் தெரிஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒன் தொண்டைக்குழியத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப அங்கயே கேமராவ நிறுத்தச் சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்காக ஒருத்தி மொதத் தடவையா ஒரு பொய் சொல்றா. அத எப்படி நிறுத்தச் சொல்லுவேன்?”

கோபமாக வந்தவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. “கல்யாணம் முடியட்டும். மறுநாளே நீ டிவியில சொல்லு. நானே கேமரா பிடிக்கிறேன்” என்றான் மணிமாறன். அவள் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து அவனிடம் நீட்டினாள். அதைச் சம்மதமென்றே அவன் எடுத்துக்கொண்டான்.

பொங்கல் பானை வைத்த இடத்திலும் அதே பேச்சுத்தான். கருப்பம்மாளும், கல்யாணம் கூடியிருந்த இன்னும் இரண்டு பையன்களின் அம்மாக்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“ஒன்னயச் சேக்காம ஊருக்கு அஞ்சு சம்பந்தம் வந்துருக்கு ஆத்தா. அம்புட்டும் ஒன் வாய்ச்சொல்லுல வந்தது. ஆவணி தாண்டட்டும். நாங்க என்ன, கொடம் தூக்கத் தெரியாதவுகளா?” என்றாள் ஒருத்தி.

“வர்ற பொண்ணுங்களும் இதத்தான குடிக்கணும் அத்தை?”

“நாங்களும் அப்படி வந்தவுகதேன்” என்றாள் கருப்பம்மாள்.

கல்யாணமும் நிற்கக்கூடாது, லாரியும் வரவேண்டும் என்று சுகன்யா ஒரு மனுவை எழுதிக்கொண்டு டேங்கர் விடுகிற அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். ஃபைலைத் திறந்தார். டம்ளரோடு சிரிக்கிற அவள் முகம் கலரில் அச்சாகி உள்ளே ஒட்டியிருந்தது.

“தண்ணி உப்பா இருக்கு சார்.”

“யாரும்மா சொன்னா?”

“நான்தான் சொல்றேன்.”

“இதுலயும் நீங்கதானம்மா சொல்றீங்க?”

“ஒரு டெஸ்ட் எடுக்காம, நான் சொன்னத வச்சா லாரிய நிறுத்தினீங்க?”

“நல்ல செய்திக்கு எதுக்கும்மா டெஸ்டு?” அதிகாரி ஃபைலை மூடினார். “மாத்தணும்னா நீங்க டிவியில மாத்திச் சொல்லுங்க. அப்புறம் பாப்போம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மின்சார பஸ்ஸைப் பற்றிக் கருத்துச் சொன்னாள். பஸ் புகை விடாது, ஆனால் அதற்கு மின்சாரம் எடுக்கிற இடத்தில் யார் புகையைக் குடிக்கிறார்கள் என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு, வைக்கோலில் செய்த தட்டு. நன்றாகவே பேசினாள். பாராட்டி நிறையப் பேர் எழுதினார்கள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, நத்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை மணிமாறனின் கூட்டாளி. பெண் நாகஜோதி, மாந்தோப்புக்காரர் மகள். அந்த ஐந்து சம்பந்தத்தில் முதலில் கூடியது அதுதான். பெண்ணின் அப்பா சுகன்யாவைக் கையைப் பிடிக்காத குறையாக முன்வரிசைக்கு அழைத்துப்போனார்.

“தோல் ஷாப்புத் தண்ணி ஊருன்னு நான் மொதல்லயே தட்டிவிட்டுட்டேம்மா. எம்மக ஒங்க வீடியோவக் காட்டுனா. ‘அந்த அக்காவே அங்கதாம்ப்பா வாழப் போறாங்க’ன்னா. அதுக்கு மேல நான் என்ன பேச?”

மணவறையில் நாகஜோதி குனிந்த தலையோடு கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்துச் சிரித்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. சுகன்யா வாயைத் திறந்தாள். பெண்ணின் அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை போதும். அதற்குள் “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்று யாரோ கத்தினார்கள். மணிமாறன் அவள் கையில் அட்சதையைக் கொடுத்தான். எல்லோரும் போட்டார்கள், அவளும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேனல் ஓனர் ஆரோக்கியதாஸிடம் என்ன பேசப்போகிறாள் என்பதைச் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நேத்துத்தானம்மா பத்திரிகை குடுத்த. யோசிச்சியா?”

“யோசிச்சுக்கிட்டே இருந்ததுதான் சார் தப்பு.”

கேமராவைப் பார்த்து நேராகச் சொன்னாள். “மேட்டுக்களத்துத் தண்ணி உப்பு. நான் குடிச்ச அன்னிக்கும் உப்புதான். தெரிஞ்சேதான் இளநீர் மாதிரின்னு சொன்னேன். அந்த ஊருக்கு என்னைக் கட்டிக்குடுக்க எங்கப்பா சம்மதிக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன். என்னால அங்க டேங்கர் நின்னுபோச்சு.”

திங்கட்கிழமை அதிகாரிக்குப் போன் செய்தாள். “பாத்தேம்மா. ஆனா அன்னிக்கு வந்தது செய்தி. இது உங்க சொந்தக் கருத்து. இத வச்சு நான் லாரி விட முடியாது. லேபுக்கு எழுதியிருக்கோம், ரிசல்ட் வரட்டும்” என்றார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

அதே நாளில் மற்ற நான்கு சம்பந்தமும் கலைந்தது. அதற்கு மட்டும் எந்த ரிசல்ட்டும் தேவைப்படவில்லை.

சோலைமலை மகளைத் திட்டவில்லை. பூக்கூடைக்கு ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டே பேசினார். “அந்தப் பையன நான் இன்னிக்கும் வேண்டாங்கல. நீ வடிகட்டி, காய்ச்சி எதையாவது குடிச்சுப் பொழச்சுக்குவ. நீ சொன்னா நான் நம்புவேன்னு தெரிஞ்சு சொன்ன பாரு, அதத்தாம்மா எங்க கொண்டுபோயி வைக்கிறதுன்னு தெரியல.” அன்றைக்குப் பிறகு ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

புதன்கிழமை மணிமாறன் வந்தான். பைக்கை விட்டு இறங்கவில்லை.

“நாலு வீட்டுலயும் எங்கம்மாவப் புடிச்சுத் திட்டுறாங்க. ஒன் மருமகளாலதான்னு. ஒன்னய வாசப்படி ஏத்த மாட்டேங்குது அம்மா.”

“நீ என்ன சொல்ற?”

“நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல சுகி.”

“அது இல்ல. நீ என்ன சொல்றன்னு கேட்டேன்.”

அவன் பைக்கின் ஹேண்டில்பாரையே பார்த்தான். “நான் அந்த ஊர்லதான இருக்கணும்.”

அச்சடித்த பத்திரிகையில் பாதி பீரோமேல் அப்படியே கிடந்தது. கொடுத்த வீடுகளுக்கெல்லாம் சோலைமலையே நடந்து போய்க் கல்யாணம் நின்றதைச் சொல்லிவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“அக்கா, நான் நாகஜோதி. மேட்டுக்களத்துல இருந்து பேசுறேன்.”

திட்டு வாங்கத் தயாராக சுகன்யா கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நீங்க இங்க வரலையாம்ல?”

“இல்லம்மா.”

“ம்” என்றாள் நாகஜோதி. “எங் கல்யாணத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழமையே அதச் சொல்லியிருக்கலாம்க்கா.”

சுகன்யா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்தப் பெண் அதற்காகப் போன் செய்யவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். முந்தி டேங்கர் தண்ணியிலதான் ஒலை வைப்பாங்களாம். இப்ப இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது. நேத்து ஆறு விசில் வச்சேன். மாமா சாப்பிடாமலே வேலைக்குப் போயிட்டாரு. நீங்க புரோகிராம்ல நெறயச் சொல்லுவீங்கள்ல, இயற்கையா ஏதாச்சும் வழி இருக்கா?”

“ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுப் பாரும்மா.”

“போட்டேன்க்கா” என்றாள் நாகஜோதி. “அதுக்கும் வேகல.”