மூலை வெட்டிய எக்ஸ்ரே

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் பத்திரமாக வைக்கத் தெரிவதில்லை. கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டு அசலைக் கண்டவனிடம் நீட்டிவிடுகிறார்கள். வேலாயுதத்துக்கு இதுதான் தீராத குறை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், டாலிகஞ்ச் சந்தையில் மீனின் செவுளைத் திறந்து பார்த்த பிறகும் மீன்காரன் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பவர்.

நெஞ்சில் நீர் கோத்ததென்று அவருக்குக் குழாய் போட்ட தனியார் மருத்துவமனை, அதை உருவும்போது விரல்நீளத் துண்டை உள்ளேயே விட்டுவிட்டது. வேறோர் இடத்தில் மறுபடி அறுத்துத்தான் எடுத்தார்கள். நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், "அது எங்கள் குழாயே அல்ல" என்றது மருத்துவமனை. வீட்டுக்கு அனுப்பிய அன்று அவர்களே எடுத்த எக்ஸ்ரேயில் துண்டு தெரிந்தது. அந்த ஒரு படத்தை நம்பித்தான் வழக்கு.

"படத்த எங்கிட்ட குடுங்கோ மாமா, ஃபைல்ல வைக்கணும்" என்று வக்கீல் ரஞ்சனா கேட்டாள். பக்கத்து லேக் கார்டன்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

"நானே கொண்டாறேன். நீ நல்ல பொண்ணுதான். உன் குமாஸ்தா முழி சரியில்ல."

விசாரணையன்று படத்தை விரித்ததும் எதிர்வக்கீல் சிரித்துவிட்டார். பெயரும் தேதியும் இருக்கவேண்டிய மூலையே காணோம். "இது யாருடைய நெஞ்சோ!"

ரஞ்சனா அவர் பக்கம் திரும்பினாள். "மூலை எங்கே மாமா?"

"வெட்டிட்டேன். பேரும் நெஞ்சும் ஒரே தாள்ல இருந்தா திருடறவனுக்குத்தான வசதி?"

"ஐயோ! கேஸே போயிடுமே!"

"ஏன் போவுது? தூக்கியா போட்டேன்?" மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துடைக்கும் துணிக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்தார். கோணல்மாணலான வெட்டு, வைத்ததும் கச்சிதமாகப் பொருந்தியது. பெயர், தேதி, மருத்துவமனை எண், எல்லாம் இருந்தன. ஆணையத் தலைவர் படத்தை வாங்கிப் பார்த்து முடிக்கும்வரை வேலாயுதம் மறுநுனியை விடவில்லை. பிறகும் பியூன் பிடுங்காத குறையாகத்தான் வாங்கினார்.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. ஆறு லட்சம், வழக்குச் செலவு தனி.

"ஜெயிச்சுட்டேள் மாமா!" ரஞ்சனா தாளை நீட்டினாள்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது அசலா?"

"சீல் போட்ட நகல். அசல் ஆணையத்துல இருக்கும்."

"என் படம்?"

"அப்பீல் டைம் முடியற வரைக்கும் அதுவும் அங்கேதான்."

"ரெண்டையும் அவனே வச்சிக்கிட்டான். நான் ஜெயிச்சேனாம்!"

"சந்தேஷ் ஸ்வீட் வாங்கித் தர மாட்டேளா?"

"அசல் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஆணையக் கட்டடத்தை ஒருமுறை முறைத்துப் பார்த்தபடி பஸ் பிடிக்க நடந்தார்.