முப்பத்தெட்டாவது பெயர்

…முப்பத்தேழுக்கு முப்பத்தேழு பாஸ் என்றுதான் மைக்கில் சொல்லப்போகிறார்கள், முப்பத்தெட்டாவது எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை, பிறகு ஏன் இந்தப் புதுச்சட்டை முதுகில் ஒட்டி நசநசக்கிறது? மண்டபத்தில் ஏசி இல்லை, அதனால்தான் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டிய அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் எல்லோரும் முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து நாற்காலி தங்கவேலு சார் என் தொடையைத் தட்டி, "ஏனுங்க ஆரோக்கியராஜ் சார், முந்தின வருஷம் அறுபத்தொண்ணு, இப்ப நூறு… எந்தக் கடையிலங்க மருந்து வாங்குனீங்க?" என்கிறார். சிரிக்கிறேன். மருந்தின் பெயர் காமன் பூல், சார், அது உங்களுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு டி.சி. கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரில் அதன் பெயர் நம் பள்ளியை விட்டு அந்தப் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும், வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும், கிடக்கிற பிள்ளைக்குப் பரீட்சை இல்லை, பரீட்சை எழுதாத பிள்ளை ஃபெயிலாவதும் இல்லை. எவ்வளவு சுத்தமான வேலை.

அந்த அறுபத்தொன்று வந்த வருடம் ஆய்வுக் கூட்டத்தில் திரையில் பள்ளிகளின் பெயர்களைப் போட்டார்கள், என் பள்ளி சிவப்பில், எழுந்து நில்லுங்கள் என்றார் அதிகாரி, ஐம்பத்திரண்டு வயதில் நின்றேன், விளக்கம் எழுதிக் கொடுத்தேன், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் எங்களை யார் கேள்வி கேட்டார்கள், பாதிப்பேர் தோற்றபோதும் மாதச் சம்பளம் வந்துகொண்டுதானே இருந்தது? அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் சாயங்கால வகுப்பு வைத்திருப்பேனா… மாட்டேன். வாசிக்கவே திணறிய மஹ்னூர் இன்று நானூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருக்கிறாள் என்றால் அது அந்தச் சிவப்பு செய்தது. அதே சிவப்புதான் மோனிஷாவையும்… இல்லை, சிவப்பு என்ன செய்யும், கையெழுத்துப் போட்டது நான்.

போன நவம்பர், தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பவேண்டிய வாரம். கணக்குப் பரீட்சையில் மோனிஷா வாங்கியது நூற்றுக்குப் பதினொன்று. அவள் அம்மா சீனியம்மாளை வரச்சொன்னேன். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்த உருப்படிகளில் ஓட்டை, கோணல் தையல் பார்த்து ஒதுக்குகிற வேலை. அவளுக்குப் புரியட்டும் என்று அவள் தொழிலையே எடுத்துப் பேசினேன், என்ன சாமர்த்தியம்! ஒரு பீஸ் சரியில்லாவிட்டால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் இல்லையா அம்மா, பள்ளிக்கூடமும் அப்படித்தான், இந்த வருடம் நிற்கட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம். "நாங்க பீஸைத் தூக்கிப் போடமாட்டோம் சார், சரிபண்ண ஆல்டருக்குத்தான் போடுவோம்" என்றாள். நான் சொன்னது இவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, பேனாவைத் திறந்து நீட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று நானே நிரப்பினேன். மோனிஷா வாசலில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்… அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, போய்வருகிறேன் சார் என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இன்று காலை பார்த்து அதே சீனியம்மாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கவேண்டுமா? தலை குனிந்து போனைத் தடவினேன், அதற்குள் பார்த்துவிட்டாள். "பேனர் பாத்தேன் சார், நூத்துக்கு நூறாமே, ரொம்பச் சந்தோஷம்." அதில் குத்தல் ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "மோனிஷா எங்கூடத்தான் கம்பெனியில நூல் பிசிர் வெட்டிக்கிட்டு இருக்கா. அடுத்த வருசம் பாக்கலாம்னு சொன்னீகளே சார், இப்பக் கூட்டிட்டு வரவா?" வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. பார்க்கலாம்மா என்றேன். பேச்சை மாற்றவேண்டுமே, வாயில் வந்ததைக் கேட்டேன், ஆல்டர்னு சொன்னியே, அதை யாரும்மா பார்ப்பாங்க? "தைச்சவுகதான் சார். யாரு தைச்சாகளோ அவுக மிசினுக்கே திரும்பிப் போயிரும். அவுகளே பிரிச்சுத் தைக்கணும்." பஸ் வந்தது, தப்பித்தோம் என்று ஏறினேன்.

இந்த வருடம் நாற்பத்தொரு பேர். மோனிஷாவைச் சேர்த்தால் நாற்பத்திரண்டு, அவள் ஒருத்தி தவறினால் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு… சீ, பேப்பர், பேனா இல்லாமலே இது மட்டும் எப்படி வருகிறது எனக்கு? தங்கவேலு சார் முழங்கையால் இடிக்கிறார், "உங்களையத்தானுங்க கூப்புடறாங்க." எழுந்திருக்கிறேன். மைக்கில் ஓர் அம்மா பேப்பரைப் பார்த்துப் படிக்கிறார், கணக்கு ஆசிரியர் பணியிடம் ஐந்து ஆண்டுகளாகக் காலியாக இருந்தும், தலைமை ஆசிரியரே ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு நடத்தி… நானே எழுதிக்கொடுத்த வாசகம், பெருமையாக எழுதியது. ஆறாம் வகுப்பு முதல். மோனிஷா ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த நாளிலிருந்து கணக்கு வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் என்னைத் தவிர வேறு யார் நின்றார்கள்? படியில் கால் தடுக்குகிறது, யாரோ கையைப் பிடித்து மேடையில் ஏற்றுகிறார்கள். கைதட்டுகிறார்கள். கேடயத்தை வாங்கும்போது தலையை நிமிர்த்த முடியவில்லை, எவ்வளவு பணிவான மனிதர் என்கிறார் அதிகாரி.