கயிறு பிடிக்கிறவர் பேச வேண்டும்

இரண்டு மிடறு விழுங்கிய பிறகுதான் மச்சான் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

"மாப்ள, இது எங்க பிடிச்ச தண்ணி?"

"ஃப்ரிட்ஜ்லதான் இருந்துச்சு மச்சான். அஞ்சு பாட்டில் வரிசையா."

கடிகாரக்காரர் பொய் சொல்லவில்லை. மனைவி முந்தின நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். அவளைக் கடைசியாகப் பார்க்க வருகிறவர்களுக்குத் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சமையலறையில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பது. திறந்தார். அதன் பலன் இப்போது மச்சானின் வயிற்றுக்குள் இருந்தது.

தண்ணீர் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று மீதியையும் தொட்டியில் கொட்டினார். ஐந்து பாட்டில்களையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக அவர் பாத்திரம் கழுவியதில்லை. கழுவியதே இல்லை என்பது வேறு விஷயம்.

மகள் உள்ளே வந்து, கவிழ்ந்திருந்தவற்றைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அப்பா, அது அம்மாவோட ஏரித் தண்ணிப்பா. டெஸ்டுக்குப் போகணும். இன்னிக்குத்தான் கடைசி நாள்."

மச்சான் வாசலுக்குப் போய்த் துப்பினார். விழுங்கியதை எப்படித் துப்புவது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் சுபாவம் அப்படி. "நம்ம வீட்ல வினாடி முள் நகர்றதுகூட கேட்கும் சார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் கடிகாரக்காரர் பெருமையடித்துக்கொள்வார். வாசலறையில் மேசை போட்டு ரிப்பேர் பார்க்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் உண்டா?

பத்து மணிவாக்கில் ஏரிக்காரர்கள் வந்தார்கள். சனி, ஞாயிறானால் அவளோடு சேர்ந்து ஏரியைச் சுத்தம் செய்கிறவர்கள். எட்டுப் பேர் இருக்கும். அவர்களில் ஆஜானுபாகுவான பஸ் டிரைவர் ஒருவர் அவள் கால்மாட்டில் நின்று, "ரேடியோ நின்னு போச்சே!" என்று உடைந்து அழுதார்.

வீடு மாறி வந்துவிட்டார்களோ என்று கடிகாரக்காரருக்குச் சந்தேகம் வந்தது.

"யாரைச் சொல்றீங்க?"

"அக்காவைத்தான் சார். வாயை மூடவே மாட்டாங்களே! அவங்க பேச ஆரம்பிச்சா கொக்கெல்லாம் அக்கரைக்குப் போயிடும்."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். புரியாத பாஷையில் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிப்பதுபோல் கடிகாரக்காரரும் சிரித்துவைத்தார்.

"அவளா? என்ன பேசுவா?"

"எல்லாந்தான் சார்" என்றார் டிரைவர். "பொதுவான விஷயங்கள்" என்றார் வேதியியல் வாத்தியார். "தங்கமான மனுஷி" என்றார் இன்னொருவர், கேட்காமலே. ஒவ்வொருவரும் அவர் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்கள். கூட வந்திருந்த தையல்காரம்மாவைக் கேட்கச் சொன்னார்கள். அவர்தான் தண்ணீரில் அவளுக்கு ஜோடியாம். தையல்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "எவ்வளவோ பேசுவாங்க. இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?" என்றார்.

மதியம் எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு பாட்டில் கதையைக் கடிகாரக்காரர் ஒப்புக்கொண்டார். வாத்தியார் கண்களை மூடித் திறந்தார்.

"அஞ்சு மணிக்குள்ள ஆய்வகத்துல கொடுக்கணும் சார். பதினோரு வருஷத்துல ஒரு மாசம் விட்டதில்ல. விட்டா, பாதுகாக்கற ஏரி லிஸ்ட்லேருந்து நம்ம ஏரியைத் தூக்கிடுவாங்க. மண்ணைக் கொட்டி மூடிட்டு மனை போட ஆள் காத்துக்கிட்டிருக்கு."

"அவ்வளவுதானே, புதுசா எடுத்துரலாம்" என்றார் தையல்காரம்மா. "நான் இறங்கறேன். கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"நான் வரேன்."

"அப்பா, இன்னிக்கா?" என்றாள் மகள்.

"கொட்டினது நான்தானேம்மா."

சோப்புப் பட்டது ஆகாது என்று வாத்தியார் வேறு பாட்டில்கள் கொடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியோடு சாலையில் காரிலேயே இருந்துகொண்டார். டிரைவருக்குப் பணிநேரம். மற்றவர்கள் கலைந்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஏரி. கடிகாரக்காரர் அதை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். பாதி வெறும் தண்ணீர், பாதி ஆளை மறைக்கும் ஆகாயத்தாமரை. தையல்காரம்மா தன் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை அவர் கையில் கொடுத்தார்.

"ஒரே விதிதான் சார். கயிறு பிடிக்கிறவங்க பேசிக்கிட்டே இருக்கணும். செடிக்குள்ள போயிட்டா கரை தெரியாது. ஆள் இருக்காங்களான்னு திரும்பிப் பார்த்தா கால் சேத்துல போயிடும். சத்தம் வந்துக்கிட்டே இருந்தா தைரியமா நடக்கலாம்."

அவர் உள்ளே போனார். செடிகள் மூடிக்கொண்டன.

"பேசுங்க சார்!"

"என்ன பேச?"

"எதுன்னாலும்."

கடிகாரக்காரர் யோசித்தார். யாரிடமாவது தானாகப் பேச்செடுத்து எத்தனை நாளாகிறது என்று நினைவில்லை. "மணி மூணு இருபது" என்றார். சற்றுப் பொறுத்து, "மூணு இருபத்தொண்ணு."

செடிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "ரேடியோல மணி மட்டும் சொன்னா எப்படி சார்?"

முதல் பாட்டில் நிறைந்தது. பிறகு இரண்டாவது. கடிகாரக்காரர் கயிற்றை விட்டுக்கொடுத்தபடியே வாயைத் திறந்தார்.

"வீட்ல அவ பேசவே மாட்டாம்மா. சுபாவமே அப்படின்னு நினைச்சிருந்தேன். இங்க மட்டும் எப்படி?"

"இது மூணாவது பாட்டில் சார்" என்று பதில் வந்தது.

"காலைலேருந்து எல்லாரும் தட்டித் தட்டித் தோளே வலிக்குது. நீங்களாவது சொல்லுங்க. எதுன்னாலும் கேட்டுக்கறேன்."

கயிறு நின்றது. செடிகளின் இடுக்கில் தையல்காரம்மாவின் பின்தலை மட்டும் தெரிந்தது. அவர் திரும்பவில்லை.

"அக்கா வீட்லயும் பேசினவங்கதான் சார். நீங்க கண்ணுல பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு 'ம்'னு சொல்வீங்களாம். ஒருநாள் சும்மா, வீடு தீப்பிடிச்சு எரியுதுன்னாங்களாம். அதுக்கும் 'ம்'. சரி, ஒரு வாரம் பேசாம இருந்து பார்ப்போம், ஏன் பேசலைன்னு கேட்கறாரான்னு பார்ப்போம்னு நிறுத்தியிருக்காங்க."

"அப்புறம்?"

"நீங்க கேட்கலை. அடுத்த வாரம் இங்க வந்து சேர்ந்தாங்க. பதினோரு வருஷமாச்சு."

கயிறு ஒரு முழம் முன்னால் போனது. கடிகாரக்காரர் விட்டுக்கொடுத்தார். செடிக்குள் எங்கோ நான்காவது பாட்டில் நிறையும் சத்தம் கேட்டது.