கோடைக்கு ஒரு குப்பி, மழைக்கு ஒரு குப்பி

பூமியின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் ஜூன் மாதத்தில் இருட்டு என்று ஒன்று வருவதில்லை. ஏரிக்கு மேலே வானம் கொஞ்சம் வெளிறும், பிறகு மறுபடியும் தெளியும், அவ்வளவுதான். அந்த நாட்களில் விழித்திருக்கிறோமா, தூங்கிக்கொண்டிருக்கிறோமா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சைமிக்கு வருஷம் முழுவதுமே அப்படித்தான்.

சைமி நூலகப் பேருந்தில் வேலை பார்த்தவள். அவள் கணவன் இல்போ வண்டியை ஓட்டுவான். காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் வீடுகளுக்கு அவள் புத்தகம் எடுத்துக் கொடுப்பாள். நாற்பதைத் தாண்டியதும் பிற்பகலானால் அவளுடைய இமைகள் தாமாக இறங்க ஆரம்பித்தன. படியேறினால் கால்கள் பாதியில் நின்றுவிடும். சாப்பிட்டதைச் சக்தியாக மாற்றுவது உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. சைமிக்கு அது பிறவியிலேயே அரைகுறை என்று மருத்துவர் ஹெல்லெவி கண்டுபிடித்தார். குணமாக்க மருந்து கிடையாது. சில சத்துகளைச் சேர்த்துக் கலந்து கொடுத்துப் பார்க்கலாம், துணையாக இருந்தாலும் இருக்கும் என்றார்.

கலப்பவள் நான். பெயர் மார்கெத்தா. தொழிற்சாலைகளில் செய்யாத மருந்துகளை அவரவருக்கென்று தனியாகத் தயாரிப்பதுதான் ஊர் மருந்துக்கடையின் பின்னறையில் எனக்கு வேலை. சைமியின் குப்பிக்குள் கோஎன்சைம் க்யூ டென் போகும்; ஆரஞ்சு நிறப் பொடி, எண்ணெயில்தான் கரையும். கார்னிட்டின் போகும், புளிக்கும், மீன் வாடை அடிக்கும். ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் போகும், தொட்டதையெல்லாம் மஞ்சளாக்கிவிடும். எண்ணெயும் நீரும் பிரியாதபடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கடைந்து, கடைசியில் சதுப்புக் காட்டில் விளையும் லக்கா பழத்தின் சாற்றை விடுவேன். அதையும் மீறி மீன் வாடை மேலே வந்து நிற்கும்.

தினமும் காலையில், சைமி கட்டிலில் இருக்கும்போதே, இல்போ அதைக் கரண்டியில் ஊற்றி அவள் வாயில் கொடுப்பான். அவளாலேயே குடிக்க முடியும். ஆனாலும் அவன்தான் கொடுப்பான்.

குப்பி வாங்க வரும்போதெல்லாம் சைமி என் பின்னறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பகல் தூக்கத்தில் கண்ட கனவைச் சொல்வாள். ஒரு முறை நூலகப் பேருந்து ஏரியின் அடியில் ஓடியதாம். மீன்கள் வரிசையில் வந்து, படித்து முடித்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தனவாம். ஈரமான பக்கங்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்திக்கொண்டே இருந்தாளாம். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கும் கண்கள் சொக்கும்.

ஏரியில் பனிக்கட்டி கரைந்த சமயம் அவள் கனவு எதுவும் சொல்லவில்லை.

"மார்கெத்தா, இது நெஜமாவே வேலை செய்யுதா?" என்று கேட்டாள்.

"சில பேருக்குச் செய்யுதுன்னு சொல்றாங்க."

"நான் எனக்குக் கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. ஹெல்லெவியைக் கேட்டோம். அவருக்கும் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னார். கொஞ்ச நாள் அசல் மருந்து, கொஞ்ச நாள் சத்து எதுவும் சேர்க்காத வெறும் கலவை. நிறமும் ருசியும் ஒன்றாக இருக்க வேண்டும். எது எப்போது என்பது கலப்பவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இல்போவுக்கு இது பிடிக்கவே இல்லை.

"ஓடிட்டு இருக்கறத எதுக்கு நோண்டற?" என்றான்.

"ஓடுதா? நீ ஒரு தடவ குடிச்சுப் பாரு. செத்த மீனுக்கு ஜாம் தடவுன மாதிரி இருக்கும்."

சைமி பிடித்த பிடியில் நின்றாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்தான்.

அசலைவிடப் போலியைச் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆரஞ்சு நிறத்துக்குக் கேரட்டிலிருந்து எடுத்த சாயம், புளிப்புக்கு எலுமிச்சை உப்பு, வாடைக்குத் துளி மீன் எண்ணெய். ரிபோஃபிளேவினை மட்டும் இரண்டிலும் விட்டுவைத்தேன். அது சிறுநீரையும் பளிச்சென்று மஞ்சளாக்கும். அது இல்லாவிட்டால் சைமி கழிப்பறையிலேயே உண்மையைக் கண்டுபிடித்துவிடுவாள். பழைய மருந்து உடம்பிலிருந்து இறங்கட்டும் என்று சில வாரம் எதுவும் கொடுக்காமல் இருந்தோம். பிறகு நாணயத்தைச் சுண்டினேன். முதலில் போலி என்று விழுந்தது.

அந்த ஜூன் மாதத்தை இப்போது நினைத்தாலும் யாரோ கண்ட கனவுக்குள் நான் நடந்து போனது போலவே இருக்கிறது. சைமி படகை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்குள் போனாள். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் என் வீட்டுப் படித்துறைவரை கேட்டது. நடுக்கோடைத் திருநாளன்று கரையில் பெரிய தீ மூட்டி, அக்கார்டியன் வாசித்தார்கள். சைமி காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு இல்போவோடு டாங்கோ ஆடினாள். அவள் இமைகள் விரிந்து, கண்கள் முழுசாகத் தெரிந்தன. அவள் கண்கள் சாம்பல் நிறம் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

அவள் உடம்பில் ஓடியது எண்ணெயும் கேரட் சாயமும் மஞ்சள் நிறத்துக்கு விட்ட வைட்டமினும் மட்டும்தான் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் சிரிப்பு எனக்கே தூரத்திலிருந்து கேட்டது.

மறுநாள் இல்போ புகையில் வாட்டிய சின்ன மீன்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு வந்தான்.

"வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். கண்ண மட்டும் சிமிட்டு, போதும்."

"தூசி விழுந்தாக்கூட சிமிட்ட மாட்டேன். போய் வண்டிய ஓட்டு."

அவன் மீனை மேசையில் வைத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போனான். அதன் பிறகு நான் அவர்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுச் சௌனாவில், அந்த நீராவி அறையில், நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து வியர்ப்பது வழக்கம். அந்த வெக்கையில் முகத்தை மறைக்க முடியாது. தலைவலி என்று சாக்குச் சொன்னேன்.

அசல் குப்பிக்கு மாறியதும் மழை பிடித்துக்கொண்டது. நாள் முழுவதும் ஏரியும் வானமும் ஒரே ஈயத் தகடாகக் கிடந்தன. சைமிக்குச் சளி பிடித்தது. அவளைப் போன்றவர்களுக்குச் சளி என்பது சின்ன விஷயமில்லை. உள்ளதையெல்லாம் சுரண்டி எடுத்துவிடும். ஜன்னலோரம் படுத்துக்கொண்டு மழையைக் கேட்டபடி தூங்குவதும் எழுவதுமாக இருந்தாள். கனவுகளும் வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

ஆகஸ்டு முடியும்போது ஹெல்லெவி ஊருக்கு வந்தார். சைமியின் சமையலறையில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் இருந்தன. எந்தக் காலம் நன்றாக இருந்தது என்று கேட்டதற்கு, இல்போ முந்திக்கொண்டு ஜூன் மாதம் என்றான். சைமியும் தலையாட்டினாள். இப்போது சொல்லலாம் என்று ஹெல்லெவி என்னைப் பார்த்தார்.

சொன்னேன்.

சைமி மெல்லச் சிரித்தாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்படியென்றால் படகு ஓட்டியது இந்தக் கைகளே என்றாள். இல்போ காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மழை நின்ற புல்லில் எங்கேயும் போகாமல் நின்றுகொண்டிருந்தான். சைமி போய் அவன் பக்கத்தில் நின்றாள். கதவு திறந்திருந்ததால் பேசியது கேட்டது.

"அப்போ இத்தன வருஷமா தினம் காலைல நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"என்னை எழுப்பிட்டு இருந்த. இல்லேன்னா மத்தியானம்வரைக்கும் தூங்கியிருப்பேன்."

அவள் அவன் சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

ஹெல்லெவி ஆற அமர விளக்கினார். வெயில் ஒரு பக்கம், சளி ஒரு பக்கம். இந்தக் கோடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில், மாற்றி மாற்றிப் பல முறை கொடுத்துப் பார்க்க வேண்டும். சைமி சரி என்றாள். இந்த முறை நான் கலக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். என்னோடு வேலை செய்யும் ரெய்யோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டான். எனக்கு எதுவும் தெரியாது என்பதில் அப்படி ஒரு நிம்மதி. மறுபடியும் சௌனாவுக்குப் போனேன்.

பனி விழுந்தது. பகல் என்பது கொஞ்ச நேரம் நீலமாக வந்து போயிற்று. மாலையில் சைமி விளக்கடியில் உட்கார்ந்து இல்போவுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவாள். அவன் கேட்டுக்கொண்டே காலுறை பின்னுவான். சில வாரங்களில் அவள் அத்தியாயம் முடியும்வரை வாசித்தாள். சில வாரங்களில் வாக்கியத்தின் நடுவிலேயே குரல் நின்றுவிடும், புத்தகம் அவள் மார்பில் கவிழும். ஒவ்வொரு முறை குப்பி மாறும்போதும் ஹெல்லெவி தொலைபேசியில் கேட்பார். படிகள் அப்படியேதான் இருக்கின்றன, கால்களும் அப்படியேதான், வாசிப்பு மட்டும்தான் மாறுகிறது என்று சைமியும் இல்போவும் சொன்னார்கள்.

மார்ச் மாதம் ரெய்யோ விஷயத்தை உடைத்தான். அத்தியாயம் முடிந்த வாரங்கள் எல்லாமே அசல் குப்பியின் வாரங்கள்.

"அவ்வளவுதானா? ஒரு அத்தியாயமா?" என்றாள் சைமி.

"அவ்வளவுதான்," என்றார் ஹெல்லெவி. அதற்கு மேல் எதையும் வாக்குக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

சைமி என் பக்கம் திரும்பி, அசலையே கலந்து கொடு, அந்த வாடையை மட்டும் ஏதாவது செய் என்றாள். அடுத்த குப்பியில், எங்கள் ஊரில் மிட்டாயாகத் தின்னும் உப்பு அதிமதுரத்தைச் சேர்த்துப் பார்த்தேன். முன்னைவிட மோசம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரமே இல்போ நூலகத்துக்குப் போய், அத்தியாயங்கள் நீளமாக இருக்கிற புத்தகமாகப் பார்த்து எடுத்துத் தரும்படி கேட்டானாம்.